மறுநாள் எழுத இருந்தது

ஆறுமுகநயினாருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய ஆசிரியைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதில் அவருக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. தொலைபேசி நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்குக் கதை எழுதும் ஆசை வந்தது. சங்கரன்கோவில் ஜெபசெல்வி டீச்சர் இணையத்தில் ஞாயிறுதோறும் நடத்திய வகுப்பில் சேர்ந்தார்.

அவர் எழுதிய முதல் கதையை டீச்சர் பொறுமையாகப் படித்தார்.

"இந்தக் கதையில உங்களைத் தவிர வேற யாருமே பேசலையே அண்ணாச்சி" என்றார்.

அன்றைக்கே நயினார் அவருக்குச் சீடராகிவிட்டார்.

பிறகு தூத்துக்குடியில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே நயினாரும் ஒரு இணையக் குழு தொடங்கினார். ஐப்பசி மாதம் முழுக்க, நாள் தவறாமல், ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். மழை மாதம், வெளியே போக முடியாது, உட்கார்ந்து எழுதட்டும் என்று நினைத்தார். ஓசூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். முதல் வாரம் குழு கல்யாண வீடு மாதிரி இருக்கும். மாதம் பாதி போவதற்குள் பந்தி முடிந்த மண்டபம் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். இந்த வருடமும் இப்படியே போனால் குழுவைக் கலைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

கலைப்பதற்கு முன்னால் டீச்சரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினார்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். காலி வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. நனைஞ்சிட்டீங்களே. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

நயினார் உட்காரவில்லை.

"குழுவைச் சீர்திருத்தணும் டீச்சர். இல்லைன்னா கலைச்சிரணும்."

"சொல்லுங்க."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் மார்க். வாரக் கடைசியில அதிக மார்க் எடுத்தவங்களுக்கு நட்சத்திரம். ஒரு நாள் விட்டா பேரு சிவப்புல வரும். மறுபடியும் விட்டா குழுவுலருந்து வெளிய."

"வேற?"

"எழுதினவங்களுக்கு உடனுக்குடன் ஊக்கம். அது ஏற்கெனவே இருக்கு. நானே ஒரு ப்ரோக்ராம் எழுதிப் போட்டிருக்கேன். யாரு எப்ப எழுதினாலும் அடுத்த நிமிஷமே என் பேருல பாராட்டு போயிரும்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"நின்னுபோனவங்ககிட்ட பேசினீங்களா?"

"ஏன் நிறுத்திட்டீங்கன்னு எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். ஒருத்தருக்குக் காய்ச்சல். ஒருத்தருக்கு ஆபீஸ்ல வேலை. ஒருத்தருக்கு நெட் கிடைக்கலையாம். காரணம் சொல்றதுக்கா பஞ்சம்?"

"இன்னொரு தடவை பேசுங்க. செய்தி வேண்டாம், போன்ல கூப்பிடுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

"பிறகு என்னத்தைக் கேக்க?"

"நிறுத்தின அன்னைக்கு மறுநாள் என்ன எழுத இருந்தீங்கன்னு கேளுங்க."

"அவ்வளவுதானா?"

"அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. அதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

நயினார் சிரித்துக்கொண்டார். ஊர் திரும்பும் வழியெல்லாம் டீச்சர் தன் திட்டத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒன்றுமே சொல்லவில்லையே என்பதுதான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதலில் கடையநல்லூர் முகைதீனைக் கூப்பிட்டார். முகைதீன் ஒரு ஜவுளிக்கடையில் மேலாளர்.

"திட்டத்தான் கூப்பிடுதீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார் முகைதீன். கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க மாமனார் குறட்டையைப் பத்தி எழுதலாம்னு இருந்தேன். நாலு வீட்டுக்குக் கேக்கும். இப்ப அவர் மக்காவுக்குப் போயிருக்கார். வீடு அமைதியா இருக்கு. ஆனா ஒருத்தருக்கும் தூக்கம் வரல. நேத்து ராத்திரி சத்தத்துக்காக எங்க மாமியார் எந்திரிச்சு உக்காந்து மிக்ஸியைப் போட்டாங்க சார்!"

நயினார் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், இதை ஏன் எழுதவில்லை என்று கேட்க வாயெடுத்தார். டீச்சர் சொன்னது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்தது ஒரு கல்லூரி மாணவி. "ஒண்ணுமில்ல சார், எதுவும் தோணல" என்று உடனே வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். "சார், இருந்துச்சு. ஹாஸ்டல்ல ஒருத்தியோட சண்டை. ஆனா அதுல தப்பு என் பேர்லதான். அதனால எழுதல" என்றாள்.

நயினாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதே வேகத்தில் ஓசூர் மரகதவல்லியைக் கூப்பிட்டார். மருந்துக்கடை வைத்திருக்கும் பெண். முதல் நாளிலிருந்து தவறாமல் எழுதி வந்தவள், திடீரென்று ஒரு நாள் நின்றுபோனாள்.

"மறுநாள் என்ன எழுத இருந்தீங்கம்மா?"

அந்தப் பக்கம் யாரோ மாத்திரை கேட்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்தாள்.

"கூரியர் வந்ததைத்தான் சார்."

"எந்தக் கூரியர்ம்மா?"

நயினார் காத்திருந்தார்.

"நீங்க படிக்கலையா சார்? பதில் போட்டிருந்தீங்களே."

"பதிலா?"

"'அருமை! சிறப்பு! நாளையும் தொடருங்கள்!' பக்கத்துல கைதட்டுற படம்."

"அது நான் இல்லம்மா. அது ஒரு ப்ரோக்ராம். தானா போயிரும்" என்றார்.

"தெரியும் சார். மொதல்ல யாரோ கிண்டல் பண்றாங்கன்னுதான் நெனச்சேன். ரொம்பக் கோபம் வந்துச்சு. அப்புறம் பாத்தா எல்லார் பக்கத்துக்கும் கீழ அதே பதில். கோபம் போயிடுச்சு. எழுதணும்ங்கிறதும் போயிடுச்சு."

கடையில் மறுபடியும் யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டாள்.

நயினார் கணினியைத் திறந்தார். மரகதவல்லி கடைசியாக எழுதிய பக்கத்தைத் தேடி எடுத்தார்.

அண்ணனும் தங்கையும் பேசி வருடக்கணக்காகிவிட்டது. அண்ணன் இறந்துபோகிறார். அவர் தனியாக இருந்த வீட்டைக் காலி செய்யத் தங்கை போகிறாள். அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணனுடைய போன் அடிக்கிறது. 'கூரியர் மேடம். சார் இருக்காரா?' 'வெளிய போயிருக்காரு. அரை மணி நேரத்துல வந்துருவாரு' என்று சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகு ஒரு நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். அத்தோடு பக்கம் முடிந்திருந்தது.

அதற்குக் கீழே நயினாரின் பெயரில், நயினாரின் சிரித்த புகைப்படத்தோடு, 'அருமை! சிறப்பு! நாளையும் தொடருங்கள்!' என்று இருந்தது.

அவர் இன்னொரு முறை படித்தார். பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த ப்ரோக்ராமை நிறுத்தினார். எழுதி முடிக்கப் பல நாள் ஆன ப்ரோக்ராம். நிறுத்த ஒரு பொத்தான்தான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சங்கரன்கோவில் போனார். இந்த முறை டீச்சர் வீட்டில் இருந்தார். துணி காயப்போட இடமில்லாமல் கூடத்தில் கயிறு கட்டியிருந்தார். ஈரச் சேலைகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"ப்ரோக்ராமை நிறுத்திட்டேன் டீச்சர்."

"சரி."

"புதுசா ஒரு விதி யோசிச்சிருக்கேன். எழுதுற ஒவ்வொருத்தரும் மத்தவங்க எழுதினதுல மூணையாவது படிச்சுக் கருத்து சொல்லணும். கட்டாயம். சொல்லலைன்னா அவங்க பக்கத்தைச் சேத்துக்க மாட்டோம்."

டீச்சர் காபியை ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.

"மரகதவல்லி என்ன எழுதியிருந்தாங்க?"

நயினார் சொல்ல ஆரம்பித்தார். அலமாரி வரைக்கும் சரளமாக வந்தது. போன் அடித்த இடத்தில் வேகம் குறைந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த இடத்தைச் சொல்லி முடிக்கும்போது காபியில் ஆடை படிந்திருந்தது.

டீச்சர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயோ பாவம் என்றோ, நன்றாக எழுதியிருக்கிறாள் என்றோ சொல்லவில்லை.

"கூரியர்ல என்ன வந்துச்சு?" என்று கேட்டார்.

"அதை எழுதலையே டீச்சர். அதைத்தான் மறுநாள் எழுத இருந்தாங்க."

"எனக்குத் தெரியணுமே."

"நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு மறுபடியும் கேக்க?"

"நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"அந்தப் புது விதி…"

"காபி ஆறிருச்சு அண்ணாச்சி. குடுங்க, சுட வெச்சுத் தாறேன்."

அன்று ஊர் திரும்பி நயினார் மரகதவல்லிக்கு ஒரு செய்தி எழுதினார். எழுதி எழுதி அழித்தார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'உங்கள் பக்கத்தை இப்போதுதான் படித்தேன் அம்மா. போன் பேசியபோது படித்திருக்கவில்லை. கூரியரில் என்ன வந்தது? என் ஆசிரியையும் கேட்கிறார். நானும்தான்.'

பதில் வரவில்லை.

மழை விட்டது. தீபாவளி வந்து போனது. ஐப்பசி முடிந்தது. குழுவில் கடைசிவரை எழுதியவர்கள் இந்த வருடமும் கொஞ்சம் பேர்தான். ஆனால் நயினார் குழுவைக் கலைக்கவில்லை. தினமும் காலையில் யாராவது ஒருவருடைய பழைய பக்கத்தை எடுத்துப் படிப்பார். தெரிந்துகொள்ள ஆசையாக ஏதாவது இருந்தால் கேட்பார். இல்லாத நாளில் சும்மா இருப்பார். முகைதீன், மாமனார் ஊர் திரும்பிய அன்று, யாரும் கேட்காமலே குறட்டையைப் பற்றி நீளமாக எழுதிப் போட்டார். அதற்குக் கீழே அந்தக் கல்லூரி மாணவி, 'மாமியார் இப்போது தூங்குகிறார்களா?' என்று கேட்டிருந்தாள்.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். குழுவில் மரகதவல்லியின் பக்கம் ஒன்று வந்திருந்தது. நயினார் நின்றபடியே படித்து முடித்தார். உடனே டீச்சரைப் போனில் கூப்பிட்டார். டீச்சர் அப்போது பேருந்து நிலையத்தில் இருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"டீச்சர், மரகதவல்லி எழுதிட்டாங்க!"

"இருங்க, இந்தப் பக்கம் வந்துக்கிடுதேன்." இரைச்சல் குறைந்தது. "என்ன வந்துச்சாம்?"

"கொசு பேட்."

"கொசு பேட்டா?"

"கொசு அடிக்கிற பேட்தான். அவங்க அண்ணன் போறதுக்கு மொத நாள் இணையத்துல ஆர்டர் போட்டிருக்காரு. ஏதோ பெரிசா வரும், தனக்காக ஏதாவது வாங்கியிருப்பாருன்னு அவங்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. வந்தது கொசு பேட். கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, வாசல்லயே உக்காந்து சிரிச்சாங்களாம். அன்னைக்குத்தான் அழுதாங்களாம்."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு சிக்கல் டீச்சர். ஐப்பசி முடிஞ்சு போச்சு. விதிப்படி இதைச் சேக்க முடியாது. ஆனா சேக்காம இருக்கவும் மனசு கேக்கல. அடுத்த வருஷத்துக்கு விதியை எப்படி மாத்தலாம்னு நீங்கதான் சொல்லணும்."

"அண்ணாச்சி."

"சொல்லுங்க டீச்சர்."

"அந்த பேட்டை சார்ஜ் போட்டாங்களாமா, இல்ல பெட்டியோட அப்படியே வெச்சிருக்காங்களா?"

நயினார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மரகதவல்லி எழுதிய பக்கத்தில் அது இல்லை.