எந்தக் குருவி கூவியது?

ஒரு காட்டில் கோடை உச்சியில் நின்று கொளுத்தியது. ஓடை காய்ந்தது, ஊற்று காய்ந்தது. ஒரே ஒரு குளம்தான் மிச்சம். தண்ணீர் இருக்கிற இடத்துக்குத் தாகம் மட்டுமா வரும், பிள்ளைகளே? பசியும் வரும். அந்தக் குளத்துக்குச் சிறுத்தை வந்தது.

ஆனாலும் அங்கே ஒரு புள்ளிமான் கூட்டம் பிழைத்துக் கிடந்தது. அதற்குக் காரணம் கரையில் வாழ்ந்த ஓர் ஆள்காட்டிக் குருவி. புல் அசைந்தாலும் அதன் கண்ணில் பட்டுவிடும். சிறுத்தை வருகிறது என்றால் தொண்டை கிழியக் கூவிவிடும். மான்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குருவி கூவினால் ஓட வேண்டும். யார், எங்கே என்று நின்று கேட்கக் கூடாது. அந்த வழக்கத்தால் அந்தக் கோடையில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

தண்ணீர் குடிக்கும்போது குட்டி வைத்திருக்கும் தாய்மான்கள் நடுவில் நிற்கும். மற்றவை சுற்றி நிற்கும். மருதி என்ற பெண்மான் தன் குட்டியோடு நடுவில் நின்றுதான் குடித்தது. குட்டிக்கு இன்னும் கால் உறுதிப்படவில்லை, ஓடினால் தடுக்கும். ஓரத்தில் நின்றால் அது ஒருநாள்கூடத் தாங்காது என்று மருதிக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடு நரிக்குத்தான் ஆகவில்லை. சிறுத்தை தின்று மிச்சம் வைத்தால்தானே நரிக்குச் சாப்பாடு? சிறுத்தையே பட்டினி கிடந்தால் நரி எதைத் தின்னும்? வயிறு முதுகில் ஒட்டிப்போய்ப் படுத்துக்கிடந்த நரி யோசித்தது. குருவியின் வாயை அடைக்க முடியாது. சரி, மான்களின் காதைக் கெடுப்போம் என்று எழுந்தது.

மறுநாள் காலை நரி குளக்கரைக்கு வந்தது. கூடவே இன்னோர் ஆள்காட்டிக் குருவியையும் அழைத்து வந்தது. மான்களின் தலைவன் நெடுங்கொம்பன் முன்னால் வந்து, பட்டினி கிடந்த உடம்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டது.

"தலைவரே, உங்கள் அந்தஸ்து என்ன, உங்கள் கொம்பு என்ன. உங்களுக்குப் போய் இந்தக் குளத்துக் குருவியின் கரகரப்பா காவல்?" என்றது.

"ஏன், அதன் குரலுக்கு என்ன குறை?" என்று நெடுங்கொம்பன் கேட்டது.

"குறை சொல்லவில்லை. இதோ, இது மலைக்குருவி. ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தது. இதன் குரலில் இழைக்குள் இழையாக ஓசை ஓடும். வௌவாலுக்கு மட்டும் கேட்கிற நுண்ணிய ஓசைகூட இதில் இருக்கிறது. ஆனால் ஒன்று, தலைவரே. எல்லாக் காதுக்கும் அது எட்டாது. உயர்ந்த காதுக்குத்தான் எட்டும்."

மலைக்குருவி பாவம், சூது வாது அறியாதது. குளத்தோரம் நிறையப் புழு கிடைக்கும் என்று நரி சொன்னதை நம்பி வந்திருந்தது. கூவு என்றதும் கூவியது. பிறகு குளத்துக்குருவி கூவியது.

நெடுங்கொம்பனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. ஆனால் உயர்ந்த காது என்று நரி சொல்லிவிட்டதே, இனி வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல முடியுமா? காதை இப்படித் திருப்பியது, அப்படித் திருப்பியது.

"ம்ம், மலைக்குருவியின் முடிவில் ஒரு மெல்லிய நெளிவு இருக்கிறது," என்றது.

"அடடா, பிடித்துவிட்டீர்களே," என்று நரி உருகியது.

தலைவனுக்குக் கேட்டுவிட்டதா, அப்புறம் யாருக்குத்தான் கேட்காது? ஒரு மானுக்கு அந்த நெளிவு கேட்டது. இன்னொன்றுக்கு அதில் குளிர்ச்சி கேட்டது. காது மந்தமாகி, இடி இடித்தால் மட்டும் நிமிர்ந்து பார்க்கும் ஒரு கிழட்டு மான்கூட, "தேன்," என்றது.

மருதி மட்டும் தலையைச் சாய்த்து நின்றது. "எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. இரண்டும் ஓடு என்றுதான் சொல்கின்றன," என்றது.

கூட்டம் சிரித்தது. நரி சிரிக்கவில்லை. தலைவனின் காதோரம் போய், "நல்ல காதுகள்தான் இந்தக் கூட்டத்தின் செல்வம். அவற்றை நடுவில் வைத்துக் காப்பாற்றுங்கள். மண்காதுகள் ஓரத்தில் நின்றால் என்ன குறைந்துவிடும்?" என்று ஓதியது.

நெடுங்கொம்பனின் உச்சி குளிர்ந்து போயிருந்தது. "மருதி, இன்றிலிருந்து நீ புதர்ப் பக்கம் நின்று குடி," என்றது.

"தலைவரே, என் குட்டி..."

"குட்டிக்கும் உன் காதுதானே இருக்கும்," என்று சொல்லிவிட்டு அது திரும்பிக்கொண்டது.

பக்கத்தில் நின்ற வேங்கி என்ற மூத்த பெண்மான் மெல்லக் கிசுகிசுத்தது. "ஏண்டி, கேட்கிறது என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எனக்கு மட்டும் என்ன கேட்டது?"

"அப்படியென்றால் அதை வெளியே சொல்லுங்களேன், அக்கா."

"சொல்லிவிட்டு நானும் உன்னோடு ஓரத்தில் நிற்கவா? போடி," என்று வேங்கி நகர்ந்தது.

அன்று மருதி புதரோரம் நின்றது. குட்டி குனிந்து குடிக்க, மருதி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் புதரையே பார்த்தது. இலை அசைந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. புதருக்குள் இரண்டு கண்கள் இருப்பதுபோலவே இருந்தது. குட்டி நிமிர்ந்து, "அம்மா, நாம் ஏன் நடுவில் போகவில்லை?" என்று கேட்டது. மருதி குட்டியைப் புதருக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தியது. இதை இப்படியே விட்டால் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேன் என்று நினைத்தது.

மறுநாள் கூட்டம் குளத்துக்கு இறங்கும் முன் மருதி தலைவன் முன்னால் போய் நின்றது.

"ஒரு சோதனை வைப்போம், தலைவரே. இரண்டு குருவியும் நாணலுக்குப் பின்னால் மறைந்து கூவட்டும். கூவியது எது என்று நீங்கள் சொல்லுங்கள். கூவிய குருவி வெளியே வந்து நிற்கட்டும். நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டால் நான் சாகும்வரை ஓரத்திலேயே நிற்கிறேன். தவறினால் என் குட்டிக்கு நடு இடத்தைக் கொடுங்கள்."

நெடுங்கொம்பனின் முகம் மாறியது. ஆனால் நரி முந்திக்கொண்டது.

"ஆகட்டுமே, இதைவிட நல்ல யோசனை உண்டா? இன்று மாலையே வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் கூடி நில்லுங்கள். ஒன்று மட்டும். சோதனைக் கூவலுக்கு யாரும் ஓடக் கூடாது. ஓடினால் எப்படித் தீர்ப்புச் சொல்வது?"

நரி இத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டதும் மருதிக்குச் சந்தேகம் தட்டியது. தோற்கப் போகிறவன் எதற்காக இப்படி மகிழ்கிறான்? யோசித்துப் பார்த்தது, பிடிபடவில்லை.

மாலை வந்தது. மான்கள் எல்லாம் கரையில் கூடி நின்றன. குருவிகள் நாணலுக்குப் பின்னால் போய் மறைந்தன. நரி மேடான ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தது.

முதல் கூவல் எழுந்தது. மான்களின் கால்கள் பழக்கத்தில் துடித்தன. ஆனாலும் யாரும் ஓடவில்லை.

"மலைக்குருவி," என்றது நெடுங்கொம்பன்.

நாணலை விலக்கிக்கொண்டு குளத்துக்குருவி வெளியே வந்தது.

கூட்டத்தில் சலசலப்பு. மருதிக்கு மூச்சு வந்தது. தலைவன் தவறிவிட்டது, இனி குட்டி நடுவுக்குப் போய்விடும்.

"அவசரப்பட்டால் எப்படி?" என்று நரி குரல் கொடுத்தது. "காற்று குறுக்கே அடித்தது. அதைவிட, எல்லாரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். நுண்ணிய ஓசையைக் கண்ணைத் திறந்துகொண்டா கேட்பார்கள்? மூடுங்கள். எல்லாரும் மூடுங்கள். மருதி, நீயும்தான். பிறகு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சண்டைக்கு வராதே."

மான்கள் கண்ணை மூடின. மருதியும் மூடியது.

கரையெங்கும் அமைதி. தண்ணீரில் ஒரு தவளை குதித்த சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

கூவல் எழுந்தது. அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. மேலும் மேலும் எழுந்தது. மூச்சு வாங்காமல், தடுமாறி, அடித்தொண்டையிலிருந்து வந்தது. நாணலை விட்டு மேலே எழும்பி, வானத்திலிருந்தும் கேட்டது.

மருதியின் கண் தானாகத் திறந்துகொண்டது. நாணலுக்கு இப்பால், மஞ்சள் புல்லில் மஞ்சளாக, வயிறு மண்ணில் தேய ஏதோ ஊர்ந்து வந்தது.

"சிறுத்தை!" என்று மருதி அலறியது. "ஓடுங்கள், இது சோதனை இல்லை!"

"ஸ்ஸ், சும்மா இரு. கேட்கவிடு," என்றது ஒரு மான்.

"தோற்றுப்போகிற பயம் வந்துவிட்டது அவளுக்கு," என்றது இன்னொன்று.

மருதி அதற்குமேல் நிற்கவில்லை. குட்டியைத் தலையால் முட்டித் தள்ளியது. குட்டி தடுக்கி விழுந்தது, மறுபடியும் முட்டி எழுப்பியது. போகிற போக்கில் வேங்கியின் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டது. வேங்கி கண்ணைத் திறந்தது, பார்த்தது, பாய்ந்தது. அது பாய்ந்த வேகத்தில் இடித்துக்கொண்டு மற்றவையும் கண்ணைத் திறந்து சிதறின.

நெடுங்கொம்பன் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. இந்தத் தடவை தவறக் கூடாது என்று காதை முன்னால் விறைத்து, ஒவ்வோர் இழையாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சந்தேகமே இல்லை," என்றது. "அந்த நெளிவு கேட்கிறதா? இது மலைக்கு..."

சிறுத்தை அதன் கழுத்தைக் கவ்வியது.

சிறுத்தையிடம் முன்பே சேதி சொல்லிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்திருந்த நரி சப்புக்கொட்டியது. அன்று அதற்கு வயிறு நிறைந்தது. ஆமாம், பிள்ளைகளே, நிறையத்தான் நிறைந்தது. அதை நான் எப்படி மறைப்பது?

குன்றுக்கு அப்பால் மான்கள் நடுங்கிக்கொண்டு ஒன்றுசேர்ந்தன. மருதி தன் குட்டியின் காலை நக்கிக்கொண்டே அழுதது. தான் வைத்த சோதனைதானே எல்லாரையும் அங்கே நிறுத்தியது என்று அதற்கு மனசு ஆறவில்லை. யாரும் அதைக் குறை சொல்லவில்லை. குட்டிகளை நடுவில் விட்டு, மற்றவை எல்லாம் சுற்றி நின்றன.

இரண்டு குருவிகளும் தேடிக்கொண்டு பறந்து வந்து எதிரே இறங்கின. கத்திக் கத்தி இரண்டுக்கும் தொண்டை கட்டியிருந்தது.

வேங்கிதான் மெல்லக் கேட்டது. "கடைசியில் கூவியது உங்களில் யார்?"

"இரண்டு பேரும்தான்," என்றது குளத்துக்குருவி. "சேர்ந்துதான் கூவினோம். நீங்கள் ஏன் ஓடவில்லை?"

நீதி: குரலின் நயத்தை எடைபோடுவதிலேயே மூழ்கியவன், அது சொல்லும் செய்தியைக் கேட்கத் தவறுவான்.