பிறக்காத அக்கா

தமயந்தியிடம் செயலி செய்யக் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் சிதம்பரநாதன். குருவைவிடவே மூத்தவர். மனைவி கோமளா போன பிறகு, மறைந்தவர்களின் திதியை நினைவூட்டும் செயலி ஒன்றைச் செய்தார். அதில் முதலில் ஏறிய பெயர் கோமளாவுடையது. பிறகு யார் யாரோ தங்கள் வீட்டுப் பெயர்களை எழுதிவைத்தார்கள். செயலியை நடத்தும் செலவு மட்டும் அவர் கழுத்தை நெரித்தது. விளம்பரம் போடாவிட்டால் மூட வேண்டியதுதான். மூடினால் கோமளா இன்னொரு முறை போன மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குப் பயம்.

"ரெண்டு விளம்பரக் கம்பெனிக்காரன் செயலியில போட விளம்பரம் தர்றேங்கறான் டீச்சர். ஒருத்தன் கஞ்சன். ஒண்ணும் கேக்கல, கொஞ்சமாத்தான் குடுப்பான். இன்னொருத்தன் அள்ளிக் குடுக்கறான். போட்டோ, மைக், எழுதிவெச்ச பேரு, எல்லாத்துக்கும் அனுமதி குடுத்தாப் போதுமாம். யாரை நம்பறது?"

தமயந்தி அவர் போனை வாங்கிக்கொண்டாள். செயலியில் கஞ்சனின் விளம்பரத்தைத் தன் போனிலும், வள்ளல் கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்து அவன் விளம்பரத்தை அவர் போனிலும் சேர்த்தாள்.

"ரெண்டுலயும் ஒரு பேரை எழுதுங்க சார். பொறக்கவே பொறக்காத ஒருத்தர் பேரு."

சிதம்பரநாதன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. யோசித்து, 'அக்கா மரகதம்' என்று எழுதினார். திதி நாளைக்கு என்று போட்டார். அவருக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

டீ வந்தது. குடித்தார்கள். வெளியே நல்ல வெயில். தமயந்தியின் போனில் மிக்ஸி விளம்பரம் ஓடியது. அவர் போனிலும் மிக்ஸிதான்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான் போல," என்று சிரித்தார்.

அவர் போனில் மிக்ஸி மறைந்தது. ஒரு பெண் வந்து நின்றாள். அவருடைய மூக்கு. அவர் அப்பாவின் நெற்றி. காதில் அவர் அம்மா போட்டிருந்த அதே சிவப்புக்கல் தோடு.

"தம்பி," என்றாள். "வெறும் டீயைக் குடிச்சா ஆச்சா? சாப்பிட்டியா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில், வெட்கக்கேடு, ஓர் ஆசையும் இருந்தது. 'சாப்பிட்டேன்க்கா' என்று சொல்ல நாக்கு துடித்தது.

தமயந்தி அந்தப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மேஜைக்கும் திரைக்கும் நடுவிலிருந்து "தம்பி, தம்பி" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் போனில் இன்னும் மிக்ஸிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் கவிழ்ந்த போனைப் பார்த்தபடி கேட்டார்.

"டீச்சர், கோமளாவும் இப்படிப் பேசுவாளா?"

"பேசுவாங்க சார். எதை வாங்கச் சொல்லிப் பேசணும்னு அந்த அள்ளிக் குடுக்கறவன்தான் அவங்களுக்குச் சொல்லிக் குடுப்பான்."