இது பிடித்தால் அதுவும் பிடிக்கும்

நாகலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு அமலிக்கு இருபத்தெட்டு. அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவள். பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளிடம்தான் இவர் படம் பார்க்கக் கற்றார். சின்னப்பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படம் என்று எவனாவது சொன்னால் இப்போது சட்டையைப் பிடிப்பார்.

அன்று செருப்பை உதறிவிட்டு அமலி வீட்டுக்குள் வந்தார்.

"ரசனை கெட்ட ஜென்மம், குருவே!"

"யாரு சார்?"

"என் வீட்டுக்காரி கோமளாதான். கலங்கரை விளக்குக்காரன் கதை இருக்கே, அந்த அனிமேவைப் பதிமூணு பகுதியும் என் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா. முப்பத்தெட்டு வருஷத்துல நாங்க சேர்ந்து பார்த்தது அது ஒண்ணுதான். சரி, வழிக்கு வந்துட்டான்னு அதே மாதிரி மூணு தேடிப் போட்டேன். மூணும் பெரியவங்களுக்கானது. மூணும் எவனும் எடுக்காத மாதிரி எடுத்தது. ஒண்ணுல பிணமே பேசும்! பத்து நிமிஷத்துல எழுந்துட்டா. இனிமே என்னைக் கூப்பிடாதீங்கங்கிறா!"

"கலங்கரை விளக்குல அவங்களுக்கு எது பிடிச்சுது?"

"வேறென்ன? அந்த இருட்டு. அந்த நிதானம்."

"அவங்க சொன்னாங்களா?"

"சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

அமலி உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டு வந்தாள். வழக்கமான கடுங்காப்பி என்று நினைத்து ஒரே மடக்காக வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடித் துப்பினார்.

"நிலவேம்புக் கஷாயம்!"

"சர்க்கரை போடாத கடுங்காப்பி பிடிக்கும்னீங்களே. இதுவும் கறுப்பு, இதுவும் கசப்பு. ரசனை இல்லையா சார் உங்களுக்கு?"

டம்ளரை ணங்கென்று வைத்தார். போய்விட்டார்.

மறுநாள் வந்தார். கோபம் அப்படியேதான் இருந்தது.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இருட்டும் இல்லை, மண்ணும் இல்லை. அந்த விளக்குக்காரன் தினம் எழுந்ததும் போர்வையை மடிச்சு வைக்கிறானாம். பொண்டாட்டியோடதையும் சேர்த்து. அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தாளாம்! எப்பேர்ப்பட்ட படைப்பு! இவ போர்வையைப் பார்த்திருக்கா! எனக்கு அப்படி ஒரு காட்சி இருந்த ஞாபகமே இல்லை."

"பதிமூணு தடவை வருது சார்."

நாகலிங்கம் தொண்டையைச் செருமினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இருக்கட்டும். போர்வை வர்ற மாதிரி வேற எது இருக்கு? பேரைச் சொல்லுங்க. இன்னிக்கே போட்டுக் காட்டுறேன். பக்கத்துல வந்து உட்காரட்டும்."

அமலி கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"இன்னிக்குக் காலையில உங்க போர்வையை யாரு சார் மடிச்சா?"