காக்காய் வராத திவசம்

புதுக் காரில் காக்காய் எச்சம் விழுந்தால் முதலாளி தணிகாசலத்துக்கு உயிரே போய்விடும். காய்ந்தால் பெயிண்டை அரித்துவிடுமாம். "ஒரு காக்காயும் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது" என்று டிரைவர் மாசிலாமணி கையில் கம்பைக் கொடுத்தார். ஈரத்துணியும் கம்புமாக அவனும் ஒரு வருஷம் காவல் காத்தான்.

முதலாளியின் அப்பாவுக்குத் தலைத் திவசம் வந்தது. மதில்மேல் சோறு வைத்து, தொண்டை வறள "கா கா" என்று கத்தினார் தணிகாசலம். ஒன்றும் வரவில்லை. காக்காய் எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. சொந்தபந்தமெல்லாம் பசியோடு நின்றது.

"விரட்டினவன் நீதானேடா? பத்தே நிமிஷத்துல ஒண்ணையாவது வரவழை!"

"காக்காயை விரட்டினது நான்தாங்க ஐயா," என்றான் மாசிலாமணி, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆனா, கார் நிறுத்த இடம் வேணும்னு பெரியவரை முதியோர் இல்லத்துக்கு விரட்டினது நானில்லீங்களே."