தேக்கு வாசல்படி

ஒரு காலத்தில் முதியோர் இல்லம் என்றாலே ஊர் உச்சுக்கொட்டும். இப்போது எல்லாம் தலைகீழ். கோயம்புத்தூரைச் சுற்றிலும் வயதானவர்களுக்கென்றே தனி வீடுகள், தள்ளாமை வந்தால் உதவியாளோடு அறை, அதற்கும் மேலே போனால் படுக்கைப் பிரிவு. அப்படியொரு குடியிருப்பில் முதல் ஆளாகக் குடிவந்தவர்கள் வடிவாம்பாளும் கணவர் குமாரசாமியும்.

வந்த அன்றே மனிதர் சண்டைக்கு நின்றார். யாரும் தடுக்கி விழக்கூடாதென்று இன்ஜினியர் வாசல்படியே வைக்கவில்லை. படியில்லாவிட்டால் அது வீடா, ஆஸ்பத்திரியா என்று குதித்தார். பழைய வீட்டுத் தேக்குப் படியைக் கொண்டுவந்து பதித்த பிறகுதான் பால் காய்ச்சவிட்டார். போதாக்குறைக்கு, தன் உயிருள்ளவரை அதைப் பெயர்ப்பதில்லை என்று மனைவியிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார். வெள்ளி தவறாமல் வடிவாம்பாள் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

வருஷங்கள் ஓடின. குமாரசாமிக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு போயிற்று. மிஞ்சியது இடது கையும் பிடிவாதமும்தான். ரசத்தில் உப்புக் குறைந்தால் இன்றைக்கும் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். சக்கர நாற்காலியோ படியைத் தாண்டவில்லை. கனத்த உடம்பு, தூக்கவும் ஆளில்லை. நாற்காலி ஏறி இறங்கச் சாய்பலகை போடலாமென்றால் நடையில் இடமில்லை. வெயில் படாமல் மனிதர் வெளுத்துப்போனார்.

படுக்கைப் பிரிவுக்கு மாற்றிவிடலாம், வாக்கும் நிற்கும் என்றார் மேலாளர். அங்கே துணைக்கு யாரும் தங்கக்கூடாது. அவரில்லாத வீடு வேண்டவே வேண்டாம் என்றாள் வடிவாம்பாள். அப்பா தூங்கும்போது படியை அறுத்துவிட்டு, கரையான் அரித்துவிட்டதென்று சொல்லிவிடலாம் என்றான் போனில் மகன் தனபால். வாக்காவது ஒன்றாவது, பாவம் என் தலையில், ஆசாரியைக் கூப்பிடுங்கள் என்றார் பக்கத்து வீட்டு ரோசலின் டீச்சர். எல்லாம் குமாரசாமியின் நாற்காலிக்குப் பின்னால் நடந்த பேச்சு.

சொல்லுங்கள் பார்ப்போம்: வாக்கும் கெடாமல், தம்பதியும் பிரியாமல் இருக்க, மூவரில் யார் சொன்னதை வடிவாம்பாள் கேட்க வேண்டும்?

விடை: ஒருவர் சொன்னதையும் அல்ல. வாக்கை வாங்கியவர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார், அவரை ஒருத்தரும் கேட்கவில்லை! வடிவாம்பாள் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, அவர் இடது கைமேல் தன் கையை வைத்தாள். "ஏனுங்க, படியை எடுத்துறட்டுங்களா? வேண்டாம்னா என் கையைத் தள்ளி விட்டுருங்க." அவர் தள்ளவில்லை. அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் ஆசாரி வந்துபோனதும் இருவரும் வேப்பமரத்தடியில் இளவெயில் காய்ந்தார்கள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வீடு திரும்பியதும் மனிதர் ரசக் கிண்ணத்தைத் தள்ளினார். வடிவாம்பாள் சிரித்துக்கொண்டே உப்பெடுக்கப் போனாள்.