வலைக்கண்

சேந்தனைக் கயிற்றில் கட்டி ஆம்பலேரிக் கரைக்கு இழுத்து வந்தபோது, வேம்பியம்மை துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஏரி மடத்துக்குச் சொந்தம். மடத்தில் யாரும் மீன் தின்பதில்லை. ஆனாலும் மீன் வழக்கெல்லாம் அங்கேதான் வரும். மடத்துத் தலைவி வேம்பியம்மை. வழக்கு கேட்பவர் அவளுடைய சீடர் கொற்றர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். துறவு கொள்ளும் முன் சுங்க அதிகாரியாக இருந்தவர்.

வலைஞர் தலைவன் மருதன் முன்னால் வந்தான். கையில் அரிவாள் இருந்தது.

"ஏரியைச் சூறையாடியவனைக் கொண்டுவந்திருக்கிறோம், கொற்றரே."

"என்ன செய்தான்?"

"பெரிய மீனையெல்லாம் திருடித் தின்றுவிட்டான். முன்பெல்லாம் இந்த ஏரியில் கெண்டை முழங்கை நீளம் இருக்கும். இப்போது வலையை இழுத்தால் பாசிதான் வருகிறது. திரிவதெல்லாம் உள்ளங்கை அளவுக் குஞ்சு. பிள்ளைகள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கின்றன."

"இவன்தான் என்று எப்படித் தெரியும்?"

"வேறு யார்? வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன். இவன் குடிசைக்குப் பின்னால் பெரிய பெரிய செதில்கள் கிடந்தன."

"அது ஆற்று மீன், சாமி" என்றான் சேந்தன். "ஏரியில் நான் வலை போட்டதே இல்லை."

பக்கத்தில் நின்றவன் அவன் வாயில் அறைந்தான். உதடு கிழிந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரப் பார்த்த அவன் மனைவியை நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

"வலக்கையை எடுத்துவிடுவது ஏரி வழக்கம்" என்றான் மருதன். "நீங்கள் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

கொற்றர் சுற்றிப் பார்த்தார். சரி என்று சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று சொன்னாலும் இவர்கள் விடப்போவதில்லை. அவர் வேம்பியம்மையிடம் திரும்பினார்.

"அம்மா, பெரிய மீன் எங்கே போனது?"

அவள் பிழிந்த துணியோடு முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீரில் இறங்கினாள். மழை பெய்து ஓய்ந்த நேரம். கோரைப்புல் ஓரமாகச் சிறு மீன்கள் கூட்டமாக நின்றன. துணியை விரித்து அள்ளினாள். துறவி மீனைத் தொடுவதை அந்த ஊர் பார்த்ததில்லை.

உள்ளங்கையில் ஒரு கெண்டை துள்ளியது.

"இது என்ன, மருதா?"

"குஞ்சு."

அவள் கட்டைவிரலால் அதன் வயிற்றை மெல்ல நீவினாள். தினையைப் போல மஞ்சள் முட்டைகள் கையில் வழிந்தன.

"குஞ்சு சினை பிடிக்குமா?"

மருதன் அருகில் வந்து குனிந்து பார்த்தான். அவள் அந்த மீனை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதிலும் சினை.

"இவ்வளவு சின்னதிலா? நாங்கள் இதையெல்லாம் தொட்டுப் பார்த்ததே இல்லையே..."

"இது சின்ன மீன் இல்லை. இப்போது இந்த ஏரியில் முழு மீனே இதுதான்."

"பயந்துபோய் வளராமல் நின்றுவிட்டதா?"

"எந்த மீனும் பயப்படவில்லை. எந்த மீனும் எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை. ஒரே கெண்டை இனத்தில் சிலது நன்றாக வளர்ந்த பிறகுதான் சினை பிடிக்கும். சிலது இந்த அளவிலேயே பிடித்துவிடும். வளரக் காத்திருந்தது முட்டையிடும் முன்பே வலையில் விழுந்தது. காத்திராதது வலைக்கண் வழியே நழுவிப்போய் முட்டையிட்டது. பிறந்ததெல்லாம் பெற்றதைப் போல இருக்கிறது."

"வலைக்கண் நாலு விரல் அகலம் இருக்க வேண்டும் என்று கட்டளை போட்டது யார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

எல்லோருக்கும் தெரியும். இருபது வருடத்துக்கு முன், ஏரிப் பொறுப்பு கைக்கு வந்ததும் கொற்றர் போட்ட முதல் கட்டளை அது. குஞ்சுகள் பிழைக்கட்டும் என்று சொல்லித்தான் போட்டார்.

சேந்தன் மேல் இருந்த பார்வையெல்லாம் அவர் பக்கம் திரும்பியது.

கொற்றர் போய்ச் சேந்தனின் கட்டை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. யாரும் உதவவில்லை, தடுக்கவும் இல்லை. அவிழ்த்த கயிற்றை மருதனிடம் கொடுத்துவிட்டு வலக்கையை நீட்டினார்.

"கட்டளை என்னுடையது."

மருதன் அந்தக் கையைப் பார்த்தான். யாரோ "வெட்டு" என்றார்கள். மருதன் அசையவில்லை.

கடைசியில் கயிற்றைக் கீழே போட்டான்.

"இருபது வருடம் வலை வீசியது என் கை" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தான்.

கூட்டம் கலைந்தது. சேந்தன் யாரையும் பார்க்கவில்லை. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

கொற்றர் கரையிலேயே உட்கார்ந்தார்.

"இரக்கப்பட்டுத்தான் சொன்னேன், அம்மா."

"தெரியும்."

"அதில் என்ன பிழை?"

"வலை விட்டதையே பார்த்துக்கொண்டிருந்தீர். அது பிடித்ததைப் பார்க்கவில்லை."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை. இன்று காலை துணியில் சினைக் கெண்டை ஒன்று சிக்கியது. அப்போதுதான் தெரிந்தது. முன்பே பார்த்திருந்தால் அவன் உதடு கிழிந்திருக்காது."

கொற்றர் ஏரியின் நடுவைப் பார்த்தார்.

"பெரிய மீன் திரும்ப வருமா?"

"ஆழத்தில் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கலாம். அவை முட்டையிட்டால் வரும்."

"எத்தனை வருடம் ஆகும்?"

"பசித்திருக்கிற ஒருவன் தன் கையில் சிக்கிய பெரிய மீனைத் தண்ணீரில் விடட்டும்" என்றாள் வேம்பியம்மை. "அன்றிலிருந்து எண்ணத் தொடங்கலாம்."