ஒன்பது சதவீத சார்ஜ்

ஏற்காட்டு மலை உச்சியில் விடுதி ஒன்றின் மின்சாரக் காரை ஓட்டும் மரகதம், அன்று ‘பெட்ரோல் புலி’ யூடியூப் சேனல்காரர் தினகரிடம் நேரலையில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

“பாருங்க மக்களே, பேட்டரியில ஒன்பதே சதவீதம்! ஏம்மா, அடிவாரத்துக்கு இருபது கிலோமீட்டர். இது போய்ச் சேருமா?”

கைப்பேசியில் கருத்துகள் கொட்டின. “இதுதான் எதிர்காலம்” என்றது ஒரு கூட்டம். “மூணாவது வளைவுல தள்ளணும்” என்றது இன்னொன்று. விடுதி முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் நின்றால் காரை விற்றுவிடுவேன் என்று செய்தி அனுப்பினார். கார் போனால் மரகதத்தின் வேலையும் போய்விடும்.

“சேரும் சார். சார்ஜ் ஏறியே சேரும். நீங்களும் வாங்க.”

“மந்திரம் போடுவியோ?” என்று சிரித்த தினகர், நண்பர்கள் மூவரையும் கேமராப் பெட்டிகளையும் ஏற்றினார். “இவ்வளவு பாரத்தோட ஓட்டிக் காட்டு!”

“இன்னும் ரெண்டு பெட்டி வைக்கலாமே சார்?”

அவர் வைத்தார்.

ஐந்து வளைவுகள் கடந்தும் சார்ஜ் ஒன்பதிலேயே நின்றது. பத்தாவது வளைவில் பதினொன்று. அடிவாரத்தில் பதினைந்து!

“எப்படிம்மா?”

“இறக்கத்துல ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, சக்கரம் சுத்துற வேகத்துலயே பேட்டரி ஏறும் சார். பாரம் கூடினா இன்னும் ஏறும். எல்லாம் உங்க உபயம்.”

தினகர் அவசரமாக நேரலையை அணைத்தார். “சரி, மேலே கொண்டுபோய் விடு. என் கார் அங்கேதான் நிக்குது.”

“ஏத்தத்துக்கு இந்த சார்ஜ் பத்தாது சார். அதோ பஸ் வருது, பெட்டியெல்லாம் எடுத்துக்கங்க.”